வரவுத்தாளில் ஏழாவது பெயர்

1. முக்கால் மணி நேரம்

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவின் பிள்ளைக்காம்பராவில், தொட்டில் சேலைகளை ஒரு பக்கமாக இழுத்துக் கட்டிவிட்டு, என் முதல் கூட்டத்தை நடத்தினேன். பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு நேராக வந்த பெண்கள் இருபத்தொன்பது பேர். சிலர் இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. வெளியே மழை, வரலாமா வேண்டாமா என்று மலைமுகட்டில் நின்று யோசித்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்தத் தயக்கமெல்லாம் இல்லை. முக்கால் மணி நேரம் பேசினேன்.

பேசிய பொருள் இதுதான்: நம்முடைய விவரம் நம்முடையது. அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர், குடியிருக்கிற வரிசை வீட்டின் லயம் இலக்கம், கைரேகை, கிளினிக் கொப்பி, நம் முகம், எதுவானாலும் யாராவது கேட்டவுடன் எடுத்து நீட்டிவிடக் கூடாது. இதற்கென்று நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. ஒருவர் நம் விவரத்தை வைத்திருந்தால், என்ன வைத்திருக்கிறீர்கள் என்று நாம் கேட்கலாம். அழிக்கச் சொல்லலாம். விவரத்தைக் கொடுப்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்க வேண்டும். யார் கேக்குறது? எதுக்குக் கேக்குறீங்க? வேற யாருக்குப் போகும்? மூன்று விரலையும் ஒவ்வொன்றாக நீட்டி அவர்களையும் கூடவே சொல்ல வைத்தேன். பிள்ளைக்காம்பராவில் அதுவரை பாடிய தாலாட்டுகளை விட என் குரல் உயர்ந்திருந்தது. ஒரு குழந்தை விழித்து அழுதது. அதையும் கைதட்டல் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

முடிந்ததும் பையிலிருந்து வரவுத்தாளை எடுத்தேன். பெயர், அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர், லயம் இலக்கம், கையெழுத்து. ஐந்து கட்டம்.

யாரும் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்பது தோட்டத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும். காலையில் பெரட்டில் ஆள் கூப்பிடுவார்கள். அன்றைய வேலை முழுதாக இருந்தால் சம்பளக் கணக்கான செக்ரோலில் பேர் விழும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அரைச் சம்பளம். பேர் விழாத நாள், வாழாத நாள். அது போக, கூரைத் தகரம், மரக்கன்று, தண்ணீர்த் தாங்கி என்று எதைக் கொடுக்க யார் வந்தாலும் முதலில் ஒரு தாள்தான் வரும். தாளில் பேர் இல்லாதவர் வீட்டில் மழை ஒழுகும். ஆகவே தாள் என்று ஒன்று கண்ணில் பட்டால் கை தானாக நீளும்.

“எங்க நாத்தனா காய்ச்சலா படுத்திருக்கு. அது பேரயும் போட்டுக்கவா சேர்?” என்று ஒருவர் கேட்டார்.

“போடுங்க,” என்றேன். பெருந்தன்மை.

ஏழாவதாகத் தாளை வாங்கியவர் சிவகாமி. வயது முப்பதைத் தாண்டியிருக்கும். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதாமல் என்னையே பார்த்தார்.

“சேர், யார் கேக்குறது?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். பாடம் ஏறியிருக்கிறது என்ற பூரிப்பு.

“நாந்தாம்மா கேக்குறேன்.”

“எதுக்கு?”

“சும்மா, ஒரு ஃபோர்மாலிட்டிக்கு. ஆபீஸ்ல காட்டணும்.”

“வேற யாருக்கும் போகாதுல்ல?”

“போகாது. நான் பொறுப்பு.”

பக்கத்தில் இருந்த அவருடைய அக்கா, “எழுது புள்ள, அடுப்புல வேல கெடக்கு,” என்று இடித்தார். சிவகாமி ஐந்து கட்டத்தையும் நிரப்பினார்.

முக்கால் மணி நேரம் நான் சொல்லிக்கொடுத்ததை அந்தக் கூட்டத்தில் செய்து பார்த்தவர் ஒரே ஒருவர். அவரை நான் இரண்டு நிமிஷத்தில் தோற்கடித்தேன்.

2. இந்த வேலைக்கு நான் வந்த விதம்

இளையவர்கள் இதைப் படித்து இந்தத் துறைக்கு வர எண்ணினால், என் தகுதிகளைச் சொல்லிவிடுவது நியாயம். டியூஷன் மாஸ்டர், அச்சகத்தில் புரூஃப் திருத்துபவர், காப்புறுதி முகவர், அப்புத்தளையில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசை. எந்த நாற்காலியிலும் இரண்டு வருஷம் தாண்டியதில்லை. நாற்காலி சூடாகும்போதே எனக்குக் கால் அரிக்கத் தொடங்கிவிடும். நடுநடுவே கவிதையா வசனமா என்று எனக்கே தெரியாத சிலவற்றை எழுதுவேன். விளம்பரம் குறைந்த வாரங்களில் பத்திரிகைகள் அவற்றைப் போடும்.

பதுளையில் மூன்று மேசை போட்ட ஒரு சின்ன அமைப்பு. நடத்தியவர் நிர்மலா மிஸ். தோட்ட மக்களுக்குத் தரவு உரிமை பற்றிச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்.

“நீங்க நல்லா பேசுவீங்கன்னு சொன்னாங்க,” என்றார் நேர்முகத்தில். “கொஞ்சமா பேசுவீங்களா?”

“முயற்சி பண்றேன் மிஸ்.”

இன்றுவரை முயற்சியில்தான் இருக்கிறது.

கொழும்பில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். குளிரூட்டிய மண்டபம். வாசலில் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதினோம். பை வாங்கும்போது இன்னொரு முறை. சாப்பாட்டு வரிசையில் மற்றொரு முறை. தரவைப் பாதுகாக்கப் பயிலவந்த ஒருவர்கூட எதற்கென்று கேட்கவில்லை. நானும்தான்.

3. பிறை

கூட்டம் ஒன்றுக்கு ஒரு வரவுத்தாள், ஓர் அறிக்கை, ஒரு போட்டோ. இது ஆபீஸ் விதி. போட்டோ சும்மா வரிசையாக நிற்கிற படமாக இருக்கக் கூடாது. “எக்ஷன் போட்டோ வேணும்,” என்பார் நிர்மலா மிஸ்.

நான் எடுத்த எக்ஷன் போட்டோ ஒரு கை. சாயம் ஏறிக் கறுத்த விரல்கள், ரேகைகளில் தேயிலைக் கறை, நடுவில் நீலப் பேனா, கீழே வெள்ளைத் தாள். ஜன்னல் வெளிச்சம் சாய்ந்து விழுந்திருந்தது. பெருவிரலின் அடியில் வளைந்த ஒரு தழும்பு. பார்க்கப் பார்க்க எனக்கே மனம் நிறைந்தது. அன்றிரவு படக்குறிப்பை நாலு தரம் மாற்றி எழுதினேன். இறுதியில் நின்றது இது: “மலையின் ரேகைகள் ஓடும் கையில் ஒரு பிறை, தன் பெயருக்குத் தானே காவல்.”

மிஸ் அதை எங்கள் முகநூல் பக்கத்தில் போட்டார். என் மனைவி முதல் விருப்பம் இட்டார். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் பகிர்ந்தார்கள். நான் மணிக்கொரு முறை எடுத்துப் பார்த்தேன். கையைப் பார்த்தேன், வெளிச்சத்தைப் பார்த்தேன், பிறையைப் பார்த்தேன். கைக்குக் கீழே இருந்த தாளை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

4. பஸ் நிலையத்தில் வந்த போன்

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை. பதுளை பஸ் நிலையத்தில் பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தேன். புது நம்பரிலிருந்து அழைப்பு.

“சேர், ஸ்பிரிங்வெளியில வந்து பேசுனீங்களே, விவரம் குடுக்காதீங்கன்னு. நீங்கதான?”

நான் கொடுத்த துண்டுப் பிரசுரத்தின் கடைசி வரியில் என் நம்பர் இருந்தது. முதல் அழைப்பு! நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“ஆமாம்மா, சொல்லுங்க.”

“சிவகாமி பேசுறேன். என் நம்பரு அந்தாளுக்குக் கெடச்சிருச்சு சேர்.”

அந்தாள் என்றது கணவனை. அவன் மடுல்சீமைப் பக்கம். அடி பொறுக்காமல் மகளைத் தூக்கிக்கொண்டு சிவகாமி அக்கா லயத்துக்கு வந்து இரண்டு வருஷம். வந்ததும் சிம்மை மாற்றினார். புது நம்பர் தெரிந்தவர்கள் அக்கா, கங்காணி, மகளின் வகுப்பு மிஸ், அவ்வளவுதான். அக்கா குடும்பம் இந்தத் தோட்டத்துக்கு மாறி வந்ததே அவன் வீட்டாருக்குத் தெரியாது. இரண்டு வருஷமாக அந்த மகள் நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போனாள்.

“லயம் நம்பரக்கூட சொல்றான் சேர். ஞாயித்துக்கெழம வாறேன், புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போறேங்குறான். எங்கருந்து கெடச்சிச்சின்னு எனக்குத் தெரியணும். அது தெரிஞ்சாத்தான் அவனுக்கு இன்னும் என்னென்ன தெரியும்னு தெரியும்.”

“கவலப்படாதீங்க. கண்டுபிடிச்சித் தாறேன். நான் பொறுப்பு.”

அதே சொல், இரண்டாவது முறை. கேளுங்கள், எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஓர் உண்மையான வழக்கு. யாரோ ஒரு பொறுப்பற்ற மடையன் ஓர் ஏழைப் பெண்ணின் விவரத்தை வெளியே விட்டிருக்கிறான். அவனை நான் பிடிக்கப் போகிறேன்.

5. கடை முதலாளி காட்டியது

சிவகாமி சிம் வாங்கியது பதுளைக் கடைவீதியில் ஒரு கொமியுனிகேஷனில். போன், சிம், போட்டோகொப்பி எல்லாம் ஒரே கடை. அதன் முதலாளி எனக்குத் தெரிந்தவர்தான். அவர் மகனுக்கு ஒரு காலத்தில் டியூஷன் கொடுத்தேன். குற்றவாளி அவரே என்று தேநீர் முடிவதற்குள் தீர்மானித்துவிட்டேன். போய் நின்று, மூன்று வாடிக்கையாளர்கள் கேட்க, சிவகாமி பேரையும் சொல்லி, சட்டம், உரிமை, நம்பிக்கைத் துரோகம் என்று ஆரம்பித்தேன். ஒரு பெண்ணின் நம்பர் காற்றில் பறக்கும் சருகல்ல என்று சொன்னதாக ஞாபகம்.

முதலாளி கோபப்படவில்லை. ஒருவருக்குப் போட்டோகொப்பி எடுத்துக் கொடுத்து, பாக்கியை எண்ணிக் கொடுத்து, பிறகு என்னைப் பார்த்தார்.

“மாஸ்டர், பேசி முடிச்சிட்டீங்களா?”

“இல்ல.”

“பரவால்ல. பேசிக்கிட்டே இதப் பாருங்க.”

அவருடைய போனை நீட்டினார். என் படம். என் வெளிச்சம், என் பிறை. அவர் இரண்டு விரலை வைத்து விரித்தார். கை விலகிப் போனது. தாள் வளர்ந்தது. நாலாவது வரி, ஐந்தாவது வரி, ஆறாவது வரி. ஏழாவது வரியில் பேனா முனை நின்றது: சிவகாமி, அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர், லயம் இலக்கம். எழுத்து அச்சடித்தது போலத் தெளிவாக இருந்தது. மேலே தலைப்பில் தோட்டத்தின் பெயரும் பிரிவும் நானே பெரிதாக எழுதியவை.

“இந்தப் பொண்ணுதான?” என்றார்.

தலையை மட்டும் ஆட்டினேன். 

“போட்டோ நல்லாத்தான் இருக்கு. நானும் லைக் போட்டேன். யாரு மாஸ்டர் எடுத்தது?”

மூன்று வாடிக்கையாளர்களில் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“நாந்தான்,” என்றேன்.

கடை வாசலிலேயே நின்று மிஸ்ஸுக்குப் போன் செய்தேன்.

“அந்தப் படத்த எடுத்துருங்க மிஸ்.”

“ஏன்? அதுக்குத்தான் எல்லாரும் நல்லா சொல்லியிருக்காங்க.”

“எடுங்க மிஸ். விரிச்சுப் பாருங்க, பாத்துட்டு எடுங்க.”

மிஸ் விரித்துப் பார்த்தார். பிறகு, “ஐயோ,” என்றார். படம் இறங்கியது.

6. ஐந்து வரிக் கடிதம்

புதன்கிழமை ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் ஏறினேன். வளைவுக்கு வளைவு ஒரு மன்னிப்பைத் தயாரித்தேன். முதலாவதில் கண்ணீர் இருந்தது. இரண்டாவதில் மனிதத் தவறு பற்றிய ஒரு சிந்தனை இருந்தது. மூன்றாவது அச்சில் போடலாம் போல இருந்தது.

சிவகாமி கொழுந்து நிறுக்கும் மடுவத்தடியில் கொழுந்தைக் கொட்டிவிட்டுக் கூடையைத் தட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவதைத் தொடங்கினேன். இரண்டு வாக்கியம் கேட்டார்.

“அழகா பேசாதீங்க சேர். போட்டோவ நீங்கதான் போட்டீங்களா?”

“நான் எடுத்தேன். ஆபீஸ்ல போட்டாங்க. எடுத்தாச்சு.”

“அந்தத் தாளு?”

“ஆபீஸ்ல இருக்கு.”

“அங்க மட்டுந்தானா? எத்தன எடத்துல இருக்கு என் பேரு?”

தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் கணக்கு முடிந்திருக்கும். அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, “இருங்க,” என்று லயத்துக்குப் போனார். வரும்போது கையில் என் துண்டுப் பிரசுரமும் மகளின் கொப்பியிலிருந்து கிழித்த ஒரு தாளும். பிரசுரம் நாலாக மடிந்து நன்றாகப் படிக்கப்பட்டிருந்தது. என் எழுத்தில் அவ்வளவு கவனமாகப் படிக்கப்பட்டது வேறெதுவும் இல்லை.

“என்ன வச்சிருக்கீங்கன்னு கேக்கலாம், அழிக்கச் சொல்லலாம்னு போட்டிருக்கீங்களே. இப்ப நான் கேக்குறேன்.”

தாளில் இப்படி எழுதியிருந்தார்:

“ஸ்பிரிங்வெளிக் கூட்டத்தில் என்னிடம் வாங்கிய விவரம் எந்தெந்த இடத்தில் இருக்கிறது என்று எழுதித் தரவும். யார் யாருக்குப் போனது என்று சொல்லவும். எல்லாவற்றையும் அழிக்கவும். அழித்த பிறகு அழித்தோம் என்று எழுதித் தரவும். வெள்ளிக்கிழமைக்குள் வேணும்.”

நான் முக்கால் மணி நேரம் பேசியது ஐந்து வரியில் இருந்தது.

“ஞாயித்துக்கெழமைக்கு?” என்று கேட்டேன்.

“சங்கத்துத் தோட்டத் தலைவரு கூட வாறேன்னுருக்காரு. நாளைக்குப் பொலிஸ்ல பெண்கள் பிரிவுல எழுதிக் குடுக்கப் போறோம். அத நாங்க பாத்துக்குவோம். நீங்க ஒங்க வேலயப் பாருங்க.”

7. எத்தனை இடம்

நிர்மலா மிஸ் கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.

“இது யாரு எழுதிக் குடுத்தது? நீங்களா?”

“நான் எழுதியிருந்தா மூணு பக்கம் இருக்கும் மிஸ்.”

“அது சரிதான்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வரவுத்தாள அழிச்சிட்டா கூட்டம் நடந்ததுக்கு என்ன சாட்சி? கொழும்புல கேப்பாங்க. இந்த வேலத்திட்டமே நின்னாலும் நின்னுரும். ஒங்க வேலயுந்தான்.”

வேலையை விட்டு எழுந்து போவதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு. ஆனால் அன்றைக்கு முதல் தடவையாக, உட்கார்ந்து முடிக்க வேண்டிய ஒரு காரியம் இருந்தது. “போனா போகட்டும் மிஸ்,” என்று சொல்லி உட்கார்ந்தேன்.

மிஸ் கறுப்பு மார்க்கரை எடுத்து ஏழாவது வரியை அடித்தார். தாளை ஜன்னலுக்கு நேரே பிடித்தார். மைக்குள்ளிருந்து எழுத்து எட்டிப் பார்த்தது. “தெரியுதே,” என்றார். கத்தரிக்கோலால் அந்த வரியை வெட்டி எடுத்தார். தாளில் ஒரு நீள ஜன்னல். கொஞ்ச நேரம் அதன் வழியாக என்னைப் பார்த்தார். பிறகு அவரே, “மத்த இருபத்தொம்பது பேரும் மனுசங்கதானே,” என்று சொல்லித் தாள் முழுவதையும் துண்டு துண்டாக்கினார். அந்தப் பெண்மணியைப் பற்றி நான் முன்பு நினைத்திருந்ததில் பாதியை அன்றைக்கு வாபஸ் வாங்கினேன்.

ஒரு தாள்தானே என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். மிஸ்ஸின் கணினியில் தட்டச்சு செய்த பட்டியலாக ஒரு பிரதி இருந்தது. என் போனில் படமாக இருந்தது, ஒன்றல்ல, ஏழு கோணத்தில். மாவட்ட அலுவலர்களின் வாட்ஸப் குழுவில், “அருமை” என்ற பதினான்கு கைகூப்புகளுக்கு மேலே இருந்தது. தோட்ட ஆபீஸில், கூட்டத்துக்கு அனுமதி கொடுத்ததற்கு நன்றியாக நானே கொண்டுபோய்க் கொடுத்த ஒரு பிரதி இருந்தது. பெரிய கிளாக்கர் அதைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு, “இத ஏன் எங்களுக்குக் குடுத்தீங்கன்னு அப்பவே யோசிச்சேன்,” என்றார். போட்டோகொப்பி எடுத்த கடையில் ஒரு பிரதி கோணலாக விழுந்திருக்கிறது. அதன் வெற்றுப் பக்கம் வீணாகக் கூடாதென்று துண்டாக்கிச் சில்லறைக் கணக்கு எழுத வைத்திருந்தார்கள். அது நான் போய்ச் சட்டம் பேசிய அதே கொமியுனிகேஷன். முதலாளி துண்டுகளை என் கையில் எண்ணி வைத்தார்.  அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

இப்படியே இன்னும் மூன்று இடம். பிறகு கொழும்பு. அறிக்கையோடு ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தோம். போனில் ஓர் இளைஞர் மிக மரியாதையாகப் பேசினார்.

“அழிக்கலாம் அண்ணே. அதுக்கு ஒரு போம் இருக்கு, அனுப்புறேன்.”

போம் வந்தது. விவரத்தை அழிக்கக் கோருபவரின் முழுப் பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம், போன் நம்பர், அடையாள அட்டையின் இரு பக்கப் பிரதி. சிவகாமிக்குப் போன் செய்து வாசித்துக் காட்டினேன்.

“யார் கேக்குறது சேர்?” என்றார். அன்றைக்குத்தான் அவர் சிரித்துக் கேட்டேன்.

போமில் பெயர் என்ற இடத்தில் “ஸ்பிரிங்வெளி வரவுத்தாள், ஏழாவது வரி” என்று எழுதி, என் அடையாள அட்டைப் பிரதியை இணைத்து அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவருக்குப் பதில் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பதினொரு இடம். பத்தில் அழித்தாயிற்று. பதினோராவது கொழும்பு. அழிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். சிவகாமி ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் படித்தார். “சரி,” என்றார். நன்றி சொல்லவில்லை. அதற்கு அவசியமும் இல்லை.

8. ஞாயிறு

வர வேண்டாம் என்று யாரும் சொல்லாததால் நான் போனேன். முதல் பஸ். கையில் குடை. திட்டம்: அவன் வந்தால் நேருக்கு நேர் நின்று பேசுவது. வேறு ஆயுதம் எனக்குப் பழக்கமில்லை.

லயத்துத் தண்ணீர்ப் பீலியடியில் ஒரு பெண் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது; வரவுத்தாளில் நாலாவது வரி.

“சிவகாமி இருக்காங்களா?”

“யாருங்க கேக்குறது?”

“நாந்தாம்மா. கூட்டத்துக்கு வந்தேனே.”

“எதுக்குக் கேக்குறீங்க?”

“சும்மா, எப்பிடி இருக்காங்கன்னு...”

“சொன்னா வேற யாருக்குப் போகும்?”

முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இல்லை. 

“அப்பிடி ஒருத்தங்க இங்க இல்லீங்க,” என்று சொல்லி ஒரு சட்டியைக் கவிழ்த்தார்.

அடுத்த காம்பராவிலும் அதே மூன்று கேள்வி. அதற்கடுத்ததிலும். சிவகாமியின் சொந்த அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்து, “வழி தப்பி வந்துட்டீங்களா?” என்றார். கோயிலடியில் தோட்டத் தலைவரைக் கண்டேன். முதல் கூட்டத்தன்று அவர் வீட்டில்தான் நான் சாப்பிட்டேன், இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கி. “எந்த ஊருங்க நீங்க?” என்றார். கேட்டவுடன் எழுதிக் கொடுத்த இருபத்தொன்பது பேரில் ஒருவரும் அன்றைக்கு ஒரு பெயரைக்கூட உதிர்க்கவில்லை.

குடையை விரித்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்தேன். அவமானமாக இருந்தது என்று சொன்னால் பாதி உண்மை.

சற்று நேரத்தில் மேலேயிருந்து ஓர் ஆள் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். சவரம் செய்த முகம், இஸ்திரி போட்ட சட்டை, கையில் விலைச்சீட்டு கழற்றாத ஒரு புதுப் புத்தகப் பை. சின்னப் பிள்ளைகள் மாட்டுகிற அளவு.

“எல்லாம் வாயில மண்ணப் போட்டுக்கிட்டு இருக்குதுக,” என்றான், என்னிடமா காற்றிடமா என்று தெரியாமல். “விடியக் காலையிலருந்து அலையுறேன். அந்த லயத்துல போயிப் பாத்தா இல்ல. கேட்டா திருப்பிக் கேக்குறாளுக. பொலிசுல வேற சொல்லி வச்சிருக்காளாம்.”

போனை எடுத்துக் காட்டினான். என் படம். நாங்கள் கணக்கெடுத்த பதினொரு இடத்தில் அந்த இடம் இல்லை.

“இவதாங்க. மொகம் இல்ல, ஆனா இந்தத் தழும்பப் பாத்தோன தெரிஞ்சிருச்சு. அது எப்பிடி வந்துச்சின்னு எனக்குத் தெரியாதா?”

பிறை என்று எழுதியது நான். வெளிச்சத்தை மெச்சியது நான். அதற்குப் பிறகு இன்றுவரை படக்குறிப்பு எழுதியதில்லை.

“யாரு எடுத்த போட்டோன்னு தெரியுமாங்க ஒங்களுக்கு? அவனப் புடிச்சா சொல்லிருவான் இவ எங்கன்னு.”

“தெரியாதுங்க.”

என் தொழில் வாழ்க்கையில் நான் ஆற்றிய மிகச் சிறிய உரை அது. பயன் தந்ததும் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பஸ் வந்தது. அவன் ஏறினான். புத்தகப் பை ஜன்னலில் தெரிந்தது, வளைவில் மறைந்தது. நான் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம். தூறல் விழுந்தது.

பீலியடிப் பெண் ஒரு கோப்பைத் தேத்தண்ணியை முந்தானையால் மூடிக்கொண்டு இறங்கி வந்தார்.

“போயிட்டானா சேர்?”

“போயிட்டான்.”

“அக்கா குடுக்கச் சொன்னாங்க.”

“எந்த அக்கா?” என்று கேட்டேன். பழக்க தோஷம்.

அவர் கோப்பையை என் கையில் வைத்துவிட்டு, மூன்று விரலை மட்டும் காட்டிவிட்டுப் போனார்.

9. இப்போது செய்கிற விதம்

அவன் அதற்குப் பிறகு வரவில்லை, இதுவரை. சிவகாமி மறுபடியும் சிம் மாற்றினார். புது நம்பர் எனக்குத் தெரியாது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

வேலைத்திட்டம் நிற்கவில்லை. கொழும்பு முறைத்துப் பார்த்தது, அவ்வளவுதான். கூட்டங்களில் இப்போது தாள் சுற்றுவதில்லை. இதற்கு எதிர்ப்பு வருவது கொழும்பிலிருந்து அல்ல, தோட்டங்களிலிருந்து. அப்புத்தளைப் பக்கம் ஒரு பிரிவில், பேசி முடித்துக் கிளம்பும்போது நாலு பேர் வழி மறித்தார்கள். “பேர் எழுதாமப் போறீங்களே சேர், பெறகு என்னத்துக்கு வந்தீங்க?” ஒன்றும் கொடுக்க வரவில்லை, வாங்கவும் வரவில்லை என்று விளக்க அரை மணி நேரம் ஆனது. கூட்டத்தை விட அந்த அரை மணி நேரம் நன்றாக இருந்தது.

சாட்சிக்கு ஒரு வழி கண்டோம். தேத்தண்ணி குடித்து முடித்த கோப்பைகளை மேசையில் அடுக்கிப் படம் எடுக்கிறேன். எண்ணிக்கொள்ளலாம்.

அந்தப் படங்களைப் பக்கத்தில் போடுவதற்கு முன் சிவகாமியிடம் காட்டுகிறேன். மாதம் ஒருமுறை எப்படியும் ஸ்பிரிங்வெளி போகிறேன், அவருடைய கடிதத்துக்குப் பாக்கிப் பதில் சொல்ல. போன தரம் நாலு படம் கொண்டுபோனேன். மடுவத்தடியில் நின்றுகொண்டே இரண்டு விரலால் ஒவ்வொன்றையும் விரித்து, மூலை மூலையாகப் பார்த்தார்.

“இதுல ஜன்னலுக்கு வெளிய லயத்து நம்பர் தெரியுது. வேணாம். இதுல செவுத்துல புள்ளைங்க பேரு. இதுவும் வேணாம்.” மூன்றாவதில் எதையோ கண்டு உதட்டைப் பிதுக்கினார். நாலாவதில் கோப்பைகள் மட்டும்.

“இத போடலாம். வேற யாருக்குப் போகும்?”

“மூணு எடம்.”

“எழுதிக் குடுங்க.”

எழுதினேன்.

“கொழும்புல அழிச்சாச்சா?”

“அழிச்சதா சொல்றாங்க.”

“எழுதிக் குடுத்தாங்களா?”

“இல்ல.”

“அப்ப அழிக்கல.” கூடையைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டார். “அடுத்த மாசம் வாங்க.”

நான் பொறுப்பு என்று சொல்ல வாய் வரை வந்தது. மூடிக்கொண்டேன். இந்த வேலையில் நான் கற்றது அவ்வளவுதான். பஸ்ஸில் உட்கார்ந்து கொழும்புக்கு மறுபடியும் ஒரு கடிதம் எழுதினேன், ஐந்து வரியில்.